சோயா சாஸ்: ஊறிப் பிறந்ததா, அமிலத்தில் வெந்ததா?

சாலையோரக் கடையில் ஃபிரைடு ரைஸ் கிண்டும்போது கருப்பாக ஒன்றை ஊற்றுகிறார்களே, அதுதான் சோயா சாஸ். அது இரண்டு வழியில் பிறக்குது. இரண்டிலும் நடக்கிற வேலை ஒன்றுதான்: சோயாவில் இருக்கிற புரதத்தை உடைப்பது. எதை வைத்து உடைக்கிறோம் என்பதில்தான் சங்கதி இருக்கு.

காய்ந்த சோயா பீன்ஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம். புரதம் என்பது அமினோ அமிலங்களை மணிமணியாகக் கோத்த மாலை. மாலையாக இருக்கும்வரை நாக்குக்குச் சுவை தெரியாது. மணிகள் உதிர்ந்தால்தான் ருசி. அதில் முக்கியமான மணி குளுட்டாமிக் அமிலம். கடற்பாசிச் சாற்றின் ருசிக்கு அதுவே காரணம் என்று 1908ல் கண்டறிந்தவர் ஜப்பானின் கிகுனே இகெடா.

ஜப்பானில் மரபுப்படி செய்கிறவர்கள் சோயாவை ஊறப்போட்டு ஆவியில் வேகவைக்கிறார்கள். வறுத்து உடைத்த கோதுமையை ஏறக்குறைய சரிபாதி கலந்து, ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சணத்தைத் தூவுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் எல்லாம் பூத்துப்போகும். இதற்குப் பேர் கோஜி. நம்ம உரக்குவியல் சூடேறுற மாதிரி இதுவும் தானாகச் சூடேறும். அதனால் இடையிடையே கிளறி ஆற்றணும். சூடு 30 டிகிரியை ஒட்டி இருந்தால் புரதத்தை வெட்டும் நொதி நிறைய சுரக்கும். சூடு கூடினால் அது குறைந்துபோகும்.

பிறகு கோஜியை உப்புக் கரைசலில் போடுகிறார்கள். காற்றில்லாமல், உப்பும் ஏறி, பூஞ்சணம் செத்துப்போகும். ஆனால் அது சுரந்த நொதிகள் வேலையை நிறுத்துவதில்லை. புரத மாலையைத் துண்டாக்கி, துண்டுகளை மணியாக்கி, மெல்ல மெல்ல உதிர்க்கும். உப்பு தாங்கும் பாக்டீரியாவும் ஈஸ்டும் புளிப்பும் மணமும் சேர்க்கும். இப்படி ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை ஊறும். ஷோடோஷிமா தீவில் இன்றும் பெரிய மரத்தொட்டிகளில்தான் ஊறவைக்கிறார்கள்.

இன்னொரு வழி அவசர வழி. எண்ணெய் எடுத்த சோயாப் புண்ணாக்கை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து, சோடா சேர்த்து அமிலத்தை முறித்து, நிறமும் இனிப்பும் கலப்பது. சில நாளில் வேலை முடிந்தது. நொதி பார்த்துப் பார்த்து வெட்டும். அமிலத்துக்கு அந்தப் பக்குவம் கிடையாது. டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் அதில் அழிந்தே போகிறது. புண்ணாக்கில் மிஞ்சிய கொழுப்போடு அமிலம் சேர்ந்து 3-எம்சிபிடி என்ற வேண்டாத பொருளும் உண்டாகுது. 2001ல் பிரிட்டன் உணவுத் தர முகமை சோதித்தபோது சில சாஸ்களில் இது மிக அதிகமாக இருந்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் இது இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் சோயா சாஸுக்கு வைத்த வரம்பு கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். காரம் சேர்த்து இதைக் குறைக்கும் முறைகள் இருக்கின்றன. ஆனால் அந்த ஆலை அதைச் செய்ததா என்பது வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

அதனால் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் என்று இருந்தால் பெரும்பாலும் ஊறிப் பிறந்தது. 'ஹைட்ரோலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்' என்றிருந்தால் பெரும்பாலும் அமிலத்தில் வெந்தது. எப்படிப் பிறந்தாலும் உப்பு அதிகம், அளவோடு ஊற்றுங்கள்.

நாமும் செய்து பார்க்கலாமே என்று சிலருக்குக் கை துறுதுறுக்கும். ஒரு எச்சரிக்கை. கோஜிப் பூஞ்சணத்துக்கு நெருங்கிய சொந்தம் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ். நம்ம நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் நஞ்சைச் சேர்க்கிறது அதுதான். பார்வைக்கு இரண்டையும் பிரித்தறிய முடியாது. பயறைத் திறந்து வைத்து, தானாக வருகிற பூஞ்சணத்தை நம்பக் கூடாது. ஜப்பானில் கோஜி வித்தைப் பேணி விற்பதற்கென்றே பரம்பரைக் குடும்பங்கள் இருக்கின்றன. நல்ல விளைச்சலுக்கு நல்ல விதை வேணும் என்பது பூஞ்சணத்துக்கும் பொருந்தும்.