காதால் கேட்டுச் சீர் செய்யும் கார்

ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஓர் உறிஞ்சு குழலைச் செங்குத்தாகப் பிடித்து, அதன் மேல் வாய்க்குக் குறுக்கே மற்றொரு குழலால் பலமாக ஊதுங்கள். தண்ணீர் குழலில் ஏறித் தூறலாய்ச் சிதறும். ஊதிய காற்று குழல் வாயில் உள்ள காற்றையும் தன்னோடு இழுத்துச் செல்வதால் அங்கே அழுத்தம் குறைகிறது. டம்ளரில் உள்ள நீரை அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்று, நீரைக் குழலுக்குள் மேலே தள்ளிவிடுகிறது. தண்ணீருக்குப் பதில் பெட்ரோல், உங்கள் வாய்க்குப் பதில் எஞ்சின் உறிஞ்சும் காற்று என்று வைத்துக்கொண்டால் அதுதான் கார்புரேட்டர்.

இன்றைய கார்களில் இக்கருவி இல்லை. கணிப்பொறியின் கட்டளைப்படி பெட்ரோல் பீச்சப்படுகிறது. ஆனால் இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் பல, இன்றும் கார்புரேட்டருடன்தான் ஓடுகின்றன. மொத்தம் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன. பழுதான பாகங்களுக்குப் புதியவை இன்றும் கிடைக்கின்றன. 1988 முதல் அதன் முழு உடற்கூட்டையே புதிதாகச் செய்து விற்கிறார்கள்! ஆகவே விடுமுறை நாட்களில் வீட்டுக் கொட்டகையில் தாமே பழுது பார்க்கும் பழக்கம் அங்கே மறையவில்லை. அதன் 1798 கன செ.மீ. எஞ்சின் நமக்கும் அன்னியமன்று. நம் அம்பாசடர் காரில் பல்லாண்டுகள் இருந்த 1489 கன செ.மீ. எஞ்சின் அதன் உடன்பிறப்புதான்.

எம்.ஜி.பி.யின் எஞ்சினில் எஸ்.யூ. என்ற கார்புரேட்டர்கள் இரண்டு பக்கத்தில் பக்கமாக இருக்கும். காலணி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் என்பவர் 1905-ஆம் ஆண்டு வாக்கில் இதை உருவாக்கினார். முதலில் அதனுள் தோலால் ஆன துருத்தி ஒன்று இருந்ததாம். குடும்பத் தொழில் விட்டுப் போகுமா!

அவர் தீர்க்க விரும்பிய சிக்கல் என்ன? 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். எஞ்சின் மெல்ல ஓடினாலும் விரைந்து ஓடினாலும் இந்த விகிதம் அதிகம் மாறக் கூடாது. ஆனால் காற்றுப் பாதையின் அகலம் மாறாமல் இருந்தால், காற்றின் வேகம் கூடக்கூடப் பெட்ரோல் தேவைக்கு மேல் வந்துவிடும். எனவே பாதையின் அகலமே தானாக மாறட்டும் என்று ஸ்கின்னர் தீர்மானித்தார். எஸ்.யூ.வின் உச்சியில் மணி போன்ற ஒரு கூடு உண்டு. அதனுள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் நகரும். எஞ்சின் அதிகக் காற்றை இழுக்கும்போது கூட்டுக்குள் அழுத்தம் குறைந்து பிஸ்டன் மேலே எழும், பாதை அகலமாகும். பிஸ்டனின் அடியில் நுனி சிறுத்த ஓர் ஊசி, பெட்ரோல் துளைக்குள் இறங்கியிருக்கும். பிஸ்டன் எழ எழ ஊசியும் எழுந்து துளையின் இடைவெளி பெரிதாகும். காற்றும் பெட்ரோலும் சேர்ந்தே கூடும், சேர்ந்தே குறையும். இத்தனை எளிய விடையை எந்திர உலகில் அதிகம் காண முடியாது என்பது என் கருத்து.

எளிமையானது என்பதால்தான் வீட்டிலேயே இதைச் சோதிக்க முடிகிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது பிஸ்டனை விரலால் உயர்த்தி விடுங்கள். ‘டக்’ என்ற உலோக ஒலியுடன் விழ வேண்டும். ஒலி வராவிட்டால் கூட்டுக்குள் அழுக்கு இருக்கிறது, அல்லது ஊசி துளையின் ஓரத்தில் உரசுகிறது. கூட்டின் உட்சுவரைத் துடைத்தால் போதும். எண்ணெய் பூசக் கூடாது. ஆனால் பிஸ்டனின் நடுத்தண்டுக்குள் எண்ணெய் இருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது பிஸ்டன் குபீரென எழும்பாமல் அந்த எண்ணெய் தடுக்கிறது. அது வற்றிப்போனால் மிதித்தவுடன் கார் ஒரு கணம் திணறும்.

இரண்டு கார்புரேட்டர்களும் சம அளவு காற்றை இழுக்கின்றனவா என்று அறிய விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு முழ ரப்பர் குழாய் போதும். காற்று வடிகட்டிகளைக் கழற்றி, இரண்டையும் இணைக்கும் தண்டின் பிடியைத் தளர்த்தி, எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலுமாக வைத்துக் கேட்கிறார்கள். இரண்டிலும் ‘உஸ்’ என்ற சீற்றம் ஒன்றுபோல் கேட்கும் வரை திருகுகளைத் திருப்புகிறார்கள். அப்போது கொட்டகைக் கதவு திறந்தே இருக்க வேண்டும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; மூடிய அறையில் அது உயிரைக் குடித்துவிடும்.

அடுத்தது கலவை. ஓடும் எஞ்சினில் ஒரு பிஸ்டனை 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்திப் பார்க்க வேண்டும். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். வேகம் குறைந்து எஞ்சின் நின்றுபோகப் பார்த்தால் பெட்ரோல் போதாது. சற்றே கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் கலவை சரி. துளைக்கு அடியில் உள்ள நட்டைக் கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும். மேலே ஏற்றினால் குறையும். இந்த நட்டுகளுக்கு அங்குல ஸ்பானர்தான் வேண்டும். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ.; 13 மி.மீ. ஸ்பானரை மாட்டி முறுக்கினால் முனைகள் மழுங்கிவிடும்.

இந்தப் பழைய வேலையில் 2021-இல் ஒரு புதுக் கணக்கு சேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் பிரிட்டனில் சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கத் தொடங்கினார்கள். எத்தனால் மூலக்கூறில் ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் காற்று குறைவாகவே போதும். அதாவது பழைய அளவில் விட்டால் காற்று மிஞ்சி, கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவையில் நெடுந்தூரம் விரைந்து ஓட்டினால் வெளியேற்று வால்வு கருகக்கூடும். ஆகவே நட்டைச் சிறிது இறக்க வேண்டியிருக்கிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து ரப்பரில் இருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் ஊதச் செய்து வெடிக்க வைக்கிறது. எம்.ஜி.பி.யில் கார்புரேட்டர்களுக்கு நேர் கீழே கொதிக்கும் புகைக்குழாய் செல்கிறது. அதன்மேல் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் அனுபவசாலிகள் எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாய்களை மாட்டி, கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பானையும் வைத்துக்கொண்ட பிறகே மற்ற வேலையைத் தொடங்குகிறார்கள்.

எல்லாம் முடிந்தபின் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, எஞ்சின் ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். முனை கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் குறைவு. காப்பிப்பொடி நிறமாக இருந்தால் பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டுக் கைகழுவப் போகலாம்.