உங்களுக்குத் தெரியுமா? பணம் கொடுத்தவருக்கும் முன்னுரிமை இல்லை

அல்சைமர் மறதிநோயின் உயிர்க்குறிகாட்டிகளைத் தேட 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘அட்னி’ ஆய்வுக்கு மருந்துக் கம்பனிகளும் பணம் கொடுத்தன. ஆனால் தரவு கிடைக்கும் நாள் அவற்றுக்கும் மற்றவர்களுக்கும் ஒன்றே.

• மூளை ஸ்கான், குருதி, முண்ணாண் பாய்பொருள் முடிவுகள் கட்டுரை வெளிவரும்வரை பூட்டிவைக்கப்படுவதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீட ஆய்வாளரும் விதிகளை ஏற்று விண்ணப்பித்துக் கட்டணமின்றிப் பெறலாம். பங்கேற்றோரின் பெயர், முகவரி மட்டும் அதில் இராது.

• முதற்கட்டச் செலவில் பெரும்பங்கு, ஏறத்தாழ 4 கோடி டொலர், அரசுப் பணம்.

• பெருங்குறை: அக்கட்டத்தில் பங்கேற்றோரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையர். அங்கே வகுத்த அளவுகளை யாழ்ப்பாணத்து முதியவருக்கு அப்படியே பொருத்துவது நியாயமாகாது.

• ஆய்வை வெளிப்படையாக்கும் முயற்சி இலங்கையிலும் உண்டு: சிகிச்சைகளைச் சோதிக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான பகிரங்கப் பதிவேட்டை இலங்கை மருத்துவச் சங்கம் 2006 முதல் நடத்துகிறது.