மூக்கு அறியாததை அறியும் மென்படலம்

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றமுடைய பொருளை அதில் கலக்கின்றனர். ஆயினும் முதியோர், நாள்பட்ட மூக்கடைப்பு உடையோர், பார்க்கின்சன் நோயாளர், கோவிட் தொற்றுக்குப் பின் மணவுணர்வு குன்றியோர் ஆகியோர் அந்நாற்றத்தை உணராமல் போகலாம். இத்தகையோர் வாழும் வீட்டில் எரிவாயு எச்சரிக்கைக் கருவி பெரிதும் உதவும்.

இக்கருவிகள் பலவற்றின் உள்ளே இருப்பது வெள்ளீய ஆக்சைடு போன்ற உலோக ஆக்சைடு. ஜப்பானியரான நவோயோஷி தகுச்சி 1962இல் இதற்குக் காப்புரிமை கோரினார். அன்று தடித்த பூச்சாக இருந்தது, இன்று ஒரு மைக்ரானுக்கும் குறைந்த மென்படலமாகவும் செய்யப்படுகிறது. படலத்தைச் சில நூறு டிகிரி வெப்பத்தில் வைத்திருப்பர். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன்மேல் ஒட்டி, படலத்தின் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மின்சாரம் எளிதில் பாயாது. எரிவாயு வந்ததும் அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்து எலக்ட்ரான்களை விடுவிக்கும். மின்தடை குறையும், மணி ஒலிக்கும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. ஆகவே கருவியைத் தரையிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்தில் பொருத்துக. படலம் சூடாக இருந்தால்தான் வேலை செய்யும் என்பதால் மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டாம். நோயாளியைப் பராமரிக்கையில் பயன்படுத்தும் ஸ்பிரிட், சானிடைசர் ஆகியவற்றின் ஆவிக்கும் அது ஒலிக்கக்கூடும்; அதற்காக அணைத்து வைத்துவிடாதீர்கள். மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மணி ஒலித்தால் சுவிட்சைப் போடவோ அணைக்கவோ கூடாது. அடுப்பை அணைத்து, சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடி, கதவு, சன்னல்களைத் திறந்து, நோயாளியோடு வெளியேறி 1906 எண்ணை அழையுங்கள்.

தூத்துக்குடிக் கடற்கரை மக்கள் அறியவேண்டிய மற்றொரு வாயு ஹைட்ரஜன் சல்ஃபைடு. 1961 வரை இங்கு நிகழ்ந்த முத்துக்குளிப்பில், கரையில் குவித்த சிப்பிகள் அழுகும் நாற்றம் ஊரையே சூழும். திறந்தவெளியானதால் கடற்காற்று அதைக் கலைத்துவிடும். மீனும் கழிவுநீரும் அழுகும் விசைப்படகின் மூடிய மீன் அறையிலோ, கழிவுநீர்த் தொட்டியிலோ அது கலைவதில்லை, அடியில் தேங்கும். மிகச் சிறிய அளவில் அழுகிய முட்டை போல் நாறும் இவ்வாயு, பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டும்போது சில நிமிடங்களில் மணவுணர்வையே முடக்கிவிடும். நாற்றம் நின்றது, வாயு அகன்றது என எண்ணி இறங்குபவர் மயங்கி விழுவார். காப்பாற்றக் குதிப்பவரும் உயிரிழப்பார்.

வீட்டுக் கருவியை இதற்கு நம்பலாகாது. வெள்ளீய ஆக்சைடுப் படலத்தில் தாமிர ஆக்சைடு சேர்த்தால் இவ்வாயுவைத் தனித்து உணரும் ஆற்றல் கூடும். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் உள்ளிட்ட இடங்களில் இவ்வகைப் படலங்கள் ஆராயப்பட்டுள்ளன. மூடிய அறையில் இறங்குமுன் காற்றோட்டம் ஏற்படுத்தி, உரிய கருவியால் சோதிப்பதே முறை. உள்ளே எவரேனும் விழுந்தால் நீங்கள் இறங்காதீர்கள். 101, 108 எண்களை உடனே அழையுங்கள். மூச்சுக்கருவி அணிந்தவர் மட்டுமே இறங்கவேண்டும். மீட்கப்பட்டவர் தெளிவாகப் பேசினாலும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். நுரையீரலில் நீர் கோத்தல் சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம்.