சைக்கிளில் மலை ஏறலாம்... ‘வேகத்தை’ அடக்காதீர்கள்!

சைக்கிள் பந்தயம் என்றால் நமக்குத் திருவிழாவில் நடக்கும் போட்டிதான் ஞாபகத்துக்கு வரும். ஊரைச் சுற்றி வந்தால் முடிந்துவிடும். ஆனால், நாள் கணக்கில் நீளும் சைக்கிள் பந்தயமும் இருக்கிறது தெரியுமா? அதுவும் தார் ரோட்டில் அல்ல... கல்லும் சேறுமான மலைப்பாதையில்!

இமாசலப் பிரதேசத்தில் 2005-ல் தொடங்கிய ‘எம்.டி.பி. ஹிமாலயா’ அப்படிப்பட்ட பந்தயம்தான். சிம்லாவிலிருந்து கிளம்பி, தினமும் ஒரு கட்டமாக, சுமார் ஒரு வாரத்தில் 500 கிலோமீட்டருக்கு மேல்கூடப் போயிருக்கிறார்கள். வழியில் 3,000 மீட்டருக்கு மேல் உயரமான ஜலோரி கணவாயும் வந்திருக்கிறது. வெளிநாட்டு வீரர்களும் வந்து, கூடாரத்தில் படுத்து, மறுநாள் காலையில் மறுபடி மிதித்திருக்கிறார்கள்.

நேபாளத்தில் 2007-ல் தொடங்கிய ‘யாக் அட்டாக்’ இன்னும் ஒரு படி மேல். 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கும் தொரோங் கணவாயைத் தாண்ட வேண்டும். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் பாதிதான். பல இடங்களில் சைக்கிள் மனிதனைச் சுமக்காது. மனிதன்தான் சைக்கிளைச் சுமக்க வேண்டும்!

பக்கத்துக் கேரளத்தில், திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடியில் 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் நடந்தது. இதையெல்லாம் செல்போனில் பார்த்துவிட்டு, நம் பிள்ளைகளுக்கும் ஆசை வந்துவிட்டது.

நமக்குத்தான் மலைக்குப் பஞ்சமில்லையே! வருசநாடு, போடிமெட்டு, சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் மேகமலை ரோடு... ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சைக்கிளோடு கிளம்பிவிடுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால், திங்கட்கிழமை என்னிடம் வருகிறவர்களைப் பார்த்தால்தான் கவலையாக இருக்கிறது.

கடமலைக்குண்டு பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, பிளஸ் ஒன் படிக்கும் மகனை அழைத்து வந்தார். “பள்ளிக்கூடத்துல குடுத்த சைக்கிள்லயே மலை ஏறப் போயிருக்கான்யா. பாதி வழியில கண்ணு இருட்டி விழுந்துட்டான். நல்லவேளை, பள்ளத்துப் பக்கம் விழல” என்றார்.

“காலையில என்னப்பா சாப்பிட்ட?” என்றேன்.

“வயித்துல எதுவும் இருந்தா மிதிக்க முடியாதுன்னு பிரெண்ட்ஸ் சொன்னாங்க ஐயா. தண்ணி மட்டும்தான் குடிச்சேன்.”

விஷயம் இங்கேதான் இருக்கிறது!

பதினான்கு வேகங்கள்

சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத வேகங்கள் என்று பதினான்கைச் சொல்வோம். மலம், சிறுநீர், தும்மல் எல்லோருக்கும் தெரியும். பசி, தாகம், தூக்கம், இளைப்பு, மூச்சு ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. மலையேறும் சைக்கிள்காரர் ஒரே காலை வேளையில் இந்த ஐந்தையும் அடக்கப் பார்க்கிறார். பந்தயத்தில் ஜெயிக்கிறவர் இவற்றை அடக்குகிறவர் அல்ல. நேரத்துக்கு நேரம் கவனிக்கிறவர்தான்.

பசி: தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சத்து, கடுமையாக மிதித்தால் இரண்டு மணி நேரத்திலேயே கரையத் தொடங்கிவிடும். அதனால்தான் வீரர்கள் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து எடுக்கிறார்கள். நமக்கு வாழைப்பழமும் கடலை மிட்டாயும் போதும். கம்பம் பள்ளத்தாக்கில் வாழைப்பழத்துக்கா பஞ்சம்? கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லியோ, ஒரு டம்ளர் கஞ்சியோ உள்ளே போகட்டும்.

தாகம்: குடிக்காமல் இருப்பதும் தவறு, வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராக ஊற்றுவதும் தவறு. வியர்வையோடு உப்பும் போய்விடுகிறது. அதற்கு மேல் வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரைக்கும் போகலாம். உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம், எலுமிச்சை ஜூஸ் மூன்றும் நல்லவை. தாகம் எடுக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

இளைப்பும் மூச்சும்: பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற அளவுதான் உங்கள் அளவு. ஒரு வார்த்தை பேசவே மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளுங்கள். இமயமலை வீரர்களே தள்ளும்போது நமக்கென்ன வெட்கம்? உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் வரும். மேகமலை ஏறத்தாழ 1,500 மீட்டர்தான். அதனால் அங்கே நெஞ்சு அடைத்தால் ‘மலைக்காற்று ஒத்துக்கலை’ என்று சமாதானம் சொல்லாதீர்கள்!

தூக்கம்: கிழிந்த தசைநார்கள் தைக்கப்படுவது தூக்கத்தில்தான். நாள் கணக்கில் ஓட்டும் வீரர்கள் சாயங்காலமே படுத்துவிடுவது சோம்பலால் அல்ல. ராத்திரி இரண்டு மணி வரை செல்போன் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு மலை ஏறக் கிளம்ப வேண்டாம்.

முழங்கால் தப்பிக்க...

மிதி கீழே இருக்கும்போது கால் லேசாக மடிந்திருக்கும்படி சீட் உயரத்தை வையுங்கள். சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் சிப்பிக்குத்தான் ஆபத்து. கியர் இல்லாத சைக்கிளில் செங்குத்து ஏற்றம் வேண்டவே வேண்டாம். தொடை இடுக்கு மரத்துப் போனால் நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். எழுந்து நின்று மிதியுங்கள், சீட்டை மாற்றுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் தொடை, கெண்டைக்காலில் இளஞ்சூடான நல்லெண்ணெயை மென்மையாகத் தடவி, வெந்நீரில் குளியுங்கள். வீங்கிய மூட்டை அழுத்தித் தேய்க்கக் கூடாது. ராத்திரிக்கு உளுந்தங்கஞ்சி அருமையான உணவு. எண்ணெய் முழுக்குப் போட்ட அன்றைக்கு வெயிலில் சைக்கிள் வேண்டாம்.

பெரியவர்கள் கவனத்துக்கு

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப் பழக்கம் உள்ளவர்கள், இதயப் பரிசோதனை செய்யாமல் மலை ஏறக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வழியில் சர்க்கரை திடீரென இறங்கலாம். சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். மருந்தின் அளவை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடை வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் சூரணமும் லேகியமும் தேடவேண்டாம். சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன், 108-ஐக் கூப்பிடுங்கள்!

விபத்து அதிகம் நடப்பது ஏற்றத்தில் அல்ல, இறக்கத்தில். ஹெல்மெட், இரண்டு பிரேக்கும் சரியாக இருப்பது கட்டாயம். மேகமலையும் வருசநாட்டுக் காடும் 2021 முதல் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதிக்கிற பாதையில், அனுமதிக்கிற நேரத்தில், கூட்டாளிகளோடு மட்டும் போங்கள். யானைக்கு நம் பந்தயம் தெரியாது!

அந்தப் பையனுக்கு நான் மருந்து எதுவும் எழுதவில்லை. ஒரு மாதம் ஆற்றங்கரை ரோட்டில் சமவெளியிலேயே ஓட்டச் சொன்னேன். அவன் அப்பாவிடம், “சைக்கிளைப் பூட்டி வச்சிடாதீங்க. காலையில சாப்பாடு குடுத்து அனுப்புங்க” என்றேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்.