பிளேனர் ஹெட்போன்: திருத்துவதும் பொருத்துவதும்

இரண்டு அறை வீட்டில் நிம்மதியாகச் சங்கீதம் கேட்பது எவ்வளவு கடினம் என்பதை மும்பை, தில்லி, கொல்கத்தா வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஓர் அறையில் பிள்ளை பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பான். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார். மார்கழிக் கச்சேரியை இணையத்தில் கேட்கவேண்டுமானால் நமக்கு ஹெட்போனே கதி.

நல்லதாக ஒன்று வாங்கலாமே என்று விசாரிக்கப் போனால், 'பிளேனர் மேக்னெடிக்' என்ற பெயர் காதில் விழுகிறது. விலையோ பத்தாயிரம் ரூபாய் அளவில் தொடங்கி லட்சங்களுக்குப் போகிறது. அதோடு தனி ஆம்ப்ளிபையர் வேண்டும், வெள்ளிக் கம்பி வேண்டும் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இந்த வகை ஹெட்போனில் எங்கே செலவு செய்தால் காதுக்குப் பலன், எங்கே செய்தால் தண்டம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உள்ளே என்ன இருக்கிறது?

சாதாரண ஹெட்போனில் இருப்பது சின்ன ஒலிபெருக்கிதான். கூம்பு போன்ற ஒரு படலம், அதன் நடுவில் வட்டமாக ஒட்டிய கம்பிச்சுருள், சுருளைச் சூழ்ந்து ஒரு காந்தம். சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் அது முன்னும் பின்னும் அசைந்து படலத்தைத் தள்ளுகிறது. தள்ளும் விசை ஒரு வளையத்தில் மட்டுமே விழுவதால், வேகமான அதிர்வுகளின்போது படலத்தின் எல்லாப் பகுதிகளும் ஒன்றுபோல அசைவதில்லை.

பிளேனர் வகையில் தனிச் சுருள் கிடையாது. மிக மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மீதே உலோகத்தடங்கள் பாம்புபோல வளைந்து வளைந்து பதிக்கப்பட்டிருக்கும். அதன் ஒரு புறத்திலோ இரு புறங்களிலுமோ காந்தப் பட்டைகள் வரிசையாக நிற்கும். மின்சாரம் தடங்களில் பாயும்போது படலத்தின் பரப்பு முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராகத் தள்ளப்படுகிறது. படலம் தட்டையாக இருப்பதால்தான் 'பிளேனர்' என்ற பெயர். ஒலியில் சிதைவு குறைவு என்பது இதன் பெருமை. காந்தங்கள் அதிகமாதலால் கனம் கூடுதல் என்பது இதன் குறை.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. யமஹா நிறுவனம் 1976-லேயே எச்பி-1 என்ற ஹெட்போனை 'ஆர்த்தோடைனமிக்' என்ற பெயரில் வெளியிட்டது. அதன் வடிவத்தை அமைத்தவர் இத்தாலியரான மாரியோ பெல்லினி. பிறகு சில காலம் இந்த வகை ஏறக்குறைய மறக்கப்பட்டது. ஜப்பானின் ஃபாஸ்டெக்ஸ் நிறுவனம் மட்டும் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கான டி50ஆர்பி என்ற மாதிரியைத் தொடர்ந்து தயாரித்து வந்தது. விலை மிதம், கழற்றிப் பூட்ட எளிது, உள்ளே இருக்கும் படலம் தரமானது. ஆகவே உலகெங்கும் கைவேலை ஆர்வலர்கள் அதைத் திருத்தத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் டான் கிளார்க் இந்த டி50ஆர்பியைத் திருத்தி 'மேட் டாக்' என்ற பெயரில் விற்றுத்தான் தம் நிறுவனத்தை வளர்த்தார். இன்று அவர் சொந்தமாகவே பிளேனர் ஹெட்போன்கள் தயாரிக்கிறார்.

ஒரே படலத்தை வைத்துக்கொண்டு இவர்கள் எதை மாற்றி ஒலியை மாற்றினார்கள்? படலத்தைச் சுற்றியுள்ள காற்றைத்தான்.

முதல் திருத்தம்: காதுத் திண்டு

படலத்துக்கும் நம் செவிப்பறைக்கும் நடுவில் ஒரு சிறு காற்றறை இருக்கிறது. அதன் சுவர்தான் 'பேட்' எனப்படும் காதுத் திண்டு. அறையில் கசிவு இருந்தால் முதலில் போவது கனத்த ஒலி. மிருதங்கத்தின் தொப்பி நாதமும் தம்பூராவின் மந்தர ஸ்தாயியும் மெலிந்துவிடும். மூக்குக்கண்ணாடியின் காம்பு, காதோரம் ஒதுங்கிய முடி இவையே போதும் கசிவுக்கு. சோதனை எளிது. பாட்டு ஒலிக்கும்போது இரு கைகளாலும் கிண்ணங்களை மெதுவாகத் தலையோடு அழுத்திப் பாருங்கள். கனத்த ஒலி சட்டென்று கூடினால் உங்கள் ஹெட்போனில் கசிவு இருக்கிறது என்று பொருள்.

தோல் அல்லது செயற்கைத் தோல் திண்டு காற்றை நன்றாக அடைக்கும். வெல்வெட் திண்டு வியர்வைக்கு இதம், ஆனால் காற்றைக் கசியவிடும். தடித்த திண்டு படலத்தைக் காதிலிருந்து சற்றுத் தள்ளி வைப்பதால் மேல்ஸ்தாயியின் குணமும் மாறும். டி50ஆர்பி எம்கே3-ல் வரும் திண்டு மெல்லியது. அதை மாற்றுவதே பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை. மும்பை போன்ற கடலோர நகரங்களின் ஈரக்காற்றில் செயற்கைத் தோல் உரிந்துபோவதும் உண்டு. 'பழைய ஹெட்போனில் பேஸ் போய்விட்டது' என்று புதிது வாங்கப் புறப்படுமுன் திண்டைப் பாருங்கள்.

இரண்டாம் திருத்தம்: கிண்ணமும் அதன் உள்ளறையும்

படலம் முன்பக்கம் எவ்வளவு ஒலி எழுப்புகிறதோ அவ்வளவு பின்பக்கமும் எழுப்புகிறது. பின்பக்க ஒலி பிளாஸ்டிக் கிண்ணத்தில் மோதித் திரும்பி, மெல்லிய படலத்தை ஊடுருவி நம் காதுக்கே வந்து சேருகிறது. கிண்ணமும் தன் பங்குக்கு அதிர்கிறது. ஒலி கலங்கலாக இருப்பதற்கு இது பெரிய காரணம்.

கச்சேரிக்கு முன் மிருதங்க வித்துவான் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். எடை கூடினால் அதிர்வின் குணம் மாறும் என்பதே அதன் தத்துவம். இங்கும் அதே தத்துவம்தான், ஆனால் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. ரவை தோலின் மேல் போகிறது. நாமோ கிண்ணத்தின் உட்சுவரில்தான் அப்பவேண்டும், படலத்தின் மேல் எதுவும் படக்கூடாது. குழந்தைகள் பொம்மை செய்யும் எண்ணெய்க் களிமண் இதற்குப் போதும். மெல்லிய அடுக்காகப் பூசி அதன் மேல் டேப் ஒட்டிவிடவேண்டும்; இல்லாவிட்டால் தில்லிக் கோடையில் இளகி ஒழுகும். இரு கிண்ணங்களிலும் எடை சமமாக இருக்கவேண்டும். சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். அதிகம் அப்பினால் கழுத்து வலிதான் மிச்சம்.

களிமண் அதிர்வை அடக்கும், எதிரொலியை உறிஞ்சாது. அதற்குப் பஞ்சோ, கம்பளி நாரை அழுத்திச் செய்த ஃபெல்ட் துணியோ வேண்டும். கிண்ணத்தினுள் கொஞ்சமாக வைத்துக் கேட்டுப் பார்த்து, தேவையானால் கூட்டலாம். திணித்துவிட்டால் ஒலி உயிரற்றுப் போகும்.

மூன்றாவது, காற்றுத் துவாரம். டி50ஆர்பி பாதி திறந்த வகை. கிண்ணத்தில் காற்றுப் போக வழி உண்டு. வழியை முழுவதும் அடைத்தால் உள்ளே சிறைப்பட்ட காற்று சுருள்வில் போல விறைத்து, மிக ஆழ்ந்த ஒலியை அமுக்கும். தடையே இல்லாமல் திறந்துவிட்டால் அதற்கு மேலுள்ள பகுதி வீங்கும். நடுவழி, காற்றைச் சற்றே தடுக்கும் பொருளை ஒட்டுவது. மருந்துக்கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப் இதற்குப் பேர்போனது. ஓர் அடுக்கு, இரண்டு அடுக்கு என்று கூட்டிக் குறைத்துக் கேட்கலாம். பிடிக்காவிட்டால் உரித்து எடுத்துவிடலாம்.

கழற்றும்போது ஓர் எச்சரிக்கை. உள்ளே காந்தங்கள் வலுவானவை. இரும்பு ஸ்குரூடிரைவர் கையிலிருந்து இழுக்கப்பட்டுப் படலத்தைக் கிழித்துவிடக்கூடும். இரும்புத் தூள் ஒட்டினால் எடுப்பது கஷ்டம். சுத்தமான வெள்ளைத் துணி விரித்து, திருகுகளை ஒரு கிண்ணத்தில் எட்டத்தில் வைத்து வேலை செய்யவேண்டும். திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்பதையும் நினைவில் கொள்க. புதிதாக வாங்கியதென்றால் திண்டோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

மாற்றம் உண்மையா, பிரமையா?

ஒரே நேரத்தில் மூன்று திருத்தங்களைச் செய்துவிட்டால் எது பலன் தந்தது என்று தெரியாது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். ஒலியைப் பற்றிய நம் ஞாபகம் மிகக் குறுகியது. அரைமணி நேரம் பிரித்துப் பூட்டிய பிறகு, முன்பு எப்படி இருந்தது என்று காதுக்குச் சரியாக நினைவிருக்காது. ஆகவே முதலில் ஒரு கிண்ணத்தை மட்டும் திருத்துங்கள். போனின் அமைப்புகளில் 'மோனோ' ஒலியைத் தேர்ந்தெடுத்து, இரு பக்கமும் ஒரே பாட்டு ஒலிக்கும்படி செய்து இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். இரண்டாவது கிண்ணத்தையும் முடித்த பிறகு, பாடகரின் குரல் தலைக்கு நேர் நடுவில் கேட்கவேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இரு கிண்ணங்களும் சமமாகவில்லை என்று பொருள்.

இன்னொரு பிரமையும் உண்டு. சற்றே சத்தமாக ஒலிப்பது எப்போதும் நன்றாக ஒலிப்பதாகவே தோன்றும். ஒலியளவைச் சமமாக்காமல் எந்த ஒப்பீட்டையும் நம்பவேண்டாம்.

ஸ்குரூடிரைவரைத் தொட விரும்பாதவர்கள் மனம் தளரவேண்டாம். கம்ப்யூட்டரில் 'ஈக்வலைசர் ஏபிஓ' போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு கனத்த ஒலியைக் கூட்டவும் கூச்சத்தைக் குறைக்கவும் முடியும். சிதைவு குறைவாதலால் பிளேனர் படலம் இந்தக் கூட்டலை நன்றாகவே தாங்கும். ஆனால் திண்டில் கசிவு இருந்தால் எந்த மென்பொருளும் அதை முழுமையாக ஈடுசெய்யாது.

ஆம்ப்ளிபையர்: கணக்குப் போட்டு வாங்குங்கள்

பிளேனர் என்றால் பெரிய ஆம்ப்ளிபையர் கட்டாயம் என்பது பாதி உண்மை. பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். டி50ஆர்பி எம்கே3-க்கு அவை 50 ஓம், 92 டெசிபல். ஒரு மில்லிவாட் கொடுத்தால் 92 டெசிபல் ஒலிக்கும் என்பது இரண்டாம் எண்ணின் பொருள். சக்தியைப் பத்து மடங்காக்கினால் ஒலி 10 டெசிபல் கூடும். ஆக 10 மில்லிவாட்டுக்கு 102, 100 மில்லிவாட்டுக்கு 112. பாட்டின் உச்சங்களுக்கு 110 வரை இடம் வைத்தால் தாராளம். அதற்குத் தேவை சுமார் 63 மில்லிவாட், அதாவது 1.8 வோல்ட். போனில் செருகும் சிறிய டைப்-சி ஒட்டு ஒன்று 1 வோல்ட் தருமானால் 50 ஓமில் 20 மில்லிவாட் கிடைக்கும். ஒலி 105 டெசிபலைத் தொடும். வீட்டில் கேட்க அதுவே பலருக்குப் போதும்.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஹைஃபைமேன் எச்இ-6. அதுவும் 50 ஓம்தான், ஆனால் 83.5 டெசிபல். அதே 110-ஐத் தொட ஏறக்குறைய 450 மில்லிவாட் வேண்டும். ஏழு மடங்கு! அதற்கு வலுவான ஆம்ப்ளிபையர் அவசியம்தான். எனவே பெயரைப் பார்த்து அல்ல, எண்ணைப் பார்த்து முடிவு செய்யவேண்டும்.

பொருத்தம் பார்ப்பதில் பிளேனருக்கு ஒரு சௌகரியமும் உண்டு. சென்ஹைசர் எச்டி 600 போன்ற சுருள் வகையில் 300 ஓம் என்று போட்டிருந்தாலும் கனத்த ஒலிப் பகுதியில் அது வெகுவாக உயரும். அதனால் ஆம்ப்ளிபையரின் சொந்தத் தடை அதிகமானால் ஒலியின் சமநிலையே மாறும். பிளேனரின் தடை எல்லா ஸ்தாயியிலும் ஏறக்குறைய ஒன்றேதான். போதுமான சக்தியும் குறைந்த இரைச்சலும் உள்ள ஆம்ப்ளிபையர்களுக்கிடையே காதுக்குத் தெரியும் வேறுபாடு சொற்பம். வெள்ளிக் கம்பியின் கணக்கோ இன்னும் எளிது. அரை ஓம் தடையுள்ள சாதாரணக் கம்பி, 50 ஓம் ஹெட்போனில் குறைப்பது பத்தில் ஒரு டெசிபலுக்கும் கீழே. அதுவும் எல்லா ஸ்தாயியிலும் சமமாக.

காது பத்திரம்

சிதைவு குறைந்த ஒலி உறுத்தாது. உறுத்தாததால் அளவைக் கூட்டிக்கொண்டே போவோம். பிளேனரில் இதுவே மெய்யான ஆபத்து. பெரியவர்கள் 80 டெசிபல் சராசரியில் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. குழந்தைகளுக்கு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89 டெசிபலுக்கு வந்துவிட்டால் பெரியவர்களுக்கே வாரத்துக்கு ஐந்து மணிதான். மேலே சொன்ன 110 என்பது கணநேர உச்சத்துக்கான இடமே தவிர, கேட்கும் அளவு அல்ல.

சுருக்கமாகச் சொன்னால் செலவின் வரிசை இது: முதலில் கசிவில்லாத திண்டு, அடுத்து இலவச மென்பொருள், பிறகு களிமண், பஞ்சு, டேப், கணக்குக் கேட்டால் மட்டும் ஆம்ப்ளிபையர், கம்பிக்கு எதுவும் வேண்டாம். முதல் மூன்றும் புதிய ஹெட்போனின் விலையில் சிறு பங்குதான். பரீட்சை முடிந்த விடுமுறையில் பழைய ஹெட்போன் ஒன்றை எடுத்துப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்து பாருங்கள். பாடப் புத்தகத்தில் படித்த காந்தமும் மின்னோட்டமும் அதிர்வும் அவர்கள் கைக்குள்ளேயே இருக்கும். நமக்கோ, தொப்பியின் கும்கி காதுக்குள் முழுசாக வந்து விழும்.