கற்படிகளில் நான்கு நாட்கள்: இன்காக்களின் பாதை வழியே மச்சு பிச்சுவுக்கு

பெரு நாட்டின் குஸ்கோ நகரில் நாங்கள் நால்வர் வந்திறங்கியது ஒரு ஜூன் மாதத்துப் பிற்பகல். பயணப் பைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி முடிப்பதற்குள்ளாகவே மூச்சு வாங்கியது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம் அது. நம் உதகமண்டலத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு. விடுதியில் நுழைந்தவுடன் வரவேற்பாளர் சூடான கோகோ இலைத் தேநீரை நீட்டினார். அங்கே அது விருந்தோம்பலின் முதற்படி. மருந்தும் அதுவே என்பது அவ்வூரார் நம்பிக்கை.

நால்வரும் ஒரே வட்டார அலுவலகத்தில் பணியாற்றியவர்கள். எங்களுள் மூத்தவர் ஆய்வுத் துறையில் நெடுங்காலம் இருந்து, பயணத்துக்கு இரு மாதங்களுக்கு முன்புதான் ஓய்வு பெற்றிருந்தார். இப்பயணத்துக்கு விதை போட்டவரும் அவரே. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தேநீர் இடைவேளையில், மேசை நாட்காட்டியிலிருந்த மச்சு பிச்சுவின் படத்தைக் காட்டி, "ஆளுக்கொரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்குவோம். முதிர்வடையும் ஆண்டில் புறப்படுவோம்" என்றார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்றே நினைத்தோம். மறுநாள் காலை நான்கு விண்ணப்பப் படிவங்களுடன் வந்து நின்றார்.

மச்சு பிச்சுவுக்கு இரயிலில் சென்று, பேருந்தில் மலையேறி, அன்று மாலையே திரும்பிவிடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் செல்கின்றனர். நாங்கள் தேர்ந்தது நடைபாதையை. இன்காக்கள் தம் பேரரசெங்கும் அமைத்த சாலைகளின் மொத்த நீளம் சுமார் 30,000 கிலோமீட்டர் என்பர். இன்றைய பெரு, ஈக்வடார், கொலம்பியா, பொலிவியா, சிலி, அர்ஜென்டினா ஆகிய ஆறு நாடுகளில் பரவிக் கிடக்கும் அச்சாலைத் தொகுதியை 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் ஒரு சிறு துண்டே நாங்கள் நடந்த, ஏறத்தாழ 43 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை. சக்கர வண்டியோ குதிரையோ அறியாத மக்கள் மனிதக் கால்களுக்காகவும் லாமாக்களுக்காகவும் அமைத்த வழி. செங்குத்தான இடங்களில் அது சாலையாக இராமல் படிக்கட்டாகவே மாறிவிடுகிறது.

நினைத்த நாளில் அங்கே நடந்துவிட இயலாது. நாளொன்றுக்கு 500 பேருக்கு மட்டுமே அனுமதி. வழிகாட்டிகள், சமையற்காரர், சுமையாட்கள் அனைவரும் இதில் அடக்கம் என்பதால் பயணிகளுக்குக் கிடைப்பவை சுமார் 200 இடங்களே. உரிமம் பெற்ற நிறுவனம் வாயிலாக, உரிய வழிகாட்டியுடன்தான் செல்ல வேண்டும். அனுமதிச் சீட்டில் கடவுச்சீட்டு எண் பொறிக்கப்படும். பெயர் மாற்றவோ நாள் மாற்றவோ இடமில்லை. ஆண்டுதோறும் பிப்ரவரி மாதம் முழுவதும் பராமரிப்புக்காகப் பாதை மூடப்படுகிறது. மே முதல் செப்டம்பர் வரையிலான மழையற்ற மாதங்களுக்குரிய சீட்டுகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடுகின்றன.

உடல் உயரத்துக்குப் பழகட்டும் என்று குஸ்கோவில் மூன்று நாட்கள் தங்கினோம். அங்கே அருங்காட்சியகம் ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கிய பழைய கயிற்றுக் கொத்து ஒன்று எங்கள் நால்வரையும் அரைமணி நேரம் நகரவிடவில்லை. அதன் பெயர் கிப்பு. எழுத்தறியாத அப்பேரரசின் கணக்குப் புத்தகம் அது. முதன்மைக் கயிறு ஒன்றிலிருந்து பல கிளைக் கயிறுகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் முடிச்சுகள். கீழ்ப்பகுதியில் உள்ளவை ஒன்றின் இடத்தையும், அதற்கு மேலுள்ளவை பத்தின் இடத்தையும், இன்னும் மேலே நூறின் இடத்தையும் குறிக்கின்றன. முடிச்சில்லாத வெற்றிடம் பூச்சியம். சில கிப்புகளில் கிளைக் கயிறுகளின் கூட்டுத்தொகையைத் தனிக் கயிறொன்று காட்டும். அதைக் கேட்டதும் எங்கள் மூத்தவர் கண்ணாடியை நெருங்கி, விரலால் காற்றிலேயே எண்ணத் தொடங்கிவிட்டார். முப்பது ஆண்டுகள் பேரேடுகளைச் சரிபார்த்த விரல் சும்மா இருக்குமா?

அம்மக்களிடம் நாணயம் இல்லை என்பது வங்கியாளராகிய எங்களுக்கு வியப்பாகவே இருந்தது. வரியை உழைப்பாகச் செலுத்தினர். சாலை அமைத்தல், வயல் உழுதல், படையில் சேர்தல் எனக் குறித்த காலத்துக்கு அரசுக்குப் பணியாற்ற வேண்டும். அரசு தன் பங்குக்குக் களஞ்சியங்களில் தானியமும் துணியும் சேர்த்து வைத்து, பஞ்ச காலத்திலும் படையெடுப்பிலும் எடுத்துக் கொடுத்தது. களஞ்சியத்தின் இருப்பையும் வழங்கலையும் பதிந்து வைத்தவை இந்த முடிச்சுகளே.

நான்காம் நாள் விடியலில் பேருந்து எங்களை உருபம்பா ஆற்றங்கரையில் 'கிலோமீட்டர் 82' என்ற இடத்தில் இறக்கிவிட்டது. இரயில் பாதையின் தூரக்கல்லே ஊர்ப் பெயராகிவிட்டது. சோதனைச் சாவடியில் கடவுச்சீட்டுகளைச் சரிபார்த்தனர். அருகிலேயே ஒரு தராசு. சுமையாள் ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்று சட்டம் வரையறுத்திருக்கிறது. ஒவ்வொரு மூட்டையும் நிறுக்கப்பட்டே உள்ளே செல்கிறது. முன்னாளில் அளவின்றிச் சுமத்தினராம். கெச்சுவா மொழி பேசும் உழவர்களே பெரும்பாலும் இவ்வேலைக்கு வருகின்றனர். எங்களுக்குப் பின் புறப்பட்டு, எங்களைத் தாண்டி ஓடி, நாங்கள் தள்ளாடிப் போய்ச் சேரும்போது கூடாரமும் கட்டி, வெந்நீரும் வைத்துக் காத்திருப்பர். அவர்களுக்கான அன்பளிப்பை உள்ளூர்ப் பணமான சோல் சில்லறை நோட்டுகளாக எடுத்துச் செல்வது நன்று. மலைமேல் அட்டை தேய்க்க வழியில்லை.

முதல் நாள் நடை எளிது. ஆற்றைக் கடந்து, பட்டல்யாக்தா என்னும் பழைய ஊரின் வளைந்த வயற்படிகளை மேலிருந்து பார்த்தவாறு நடந்து, சுமார் 3,000 மீட்டர் உயரமுள்ள வைல்யபம்பாவில் தங்கினோம். இரவு உணவில் கினோவா கஞ்சி. சற்றே மிளகும் கறிவேப்பிலையும் இருந்திருந்தால் வரகரிசிக் கஞ்சி என்றே சொல்லியிருப்போம். உருளைக்கிழங்கு உலகுக்குக் கிடைத்ததே இந்த ஆண்டீஸ் மலைகளிலிருந்துதான் என்பதால் அது நாளொரு வடிவில் தட்டுக்கு வந்தது.

அன்றிரவு நடந்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறோம். மூத்தவருக்குத் தலைவலி. உணவைத் தொடவில்லை. "வழிகாட்டியிடம் சொல்ல வேண்டாம். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்றார். அவர் சொல்லுக்கு மறுப்புரைத்துப் பழகாதவர்கள் நாங்கள். சரி என்றோம். கணக்கில் ஐம்பது ரூபாய் வேறுபாட்டை மறைத்தால்கூடப் பொறுக்காத அந்த மனிதருக்காக, இன்றியமையாத ஒரு தகவலை நாங்கள் மூவரும் மறைத்தோம்.

இரண்டாம் நாள்தான் இப்பாதையின் சோதனை. வைல்யபம்பாவிலிருந்து வார்மிவனுஸ்கா கணவாய்வரை ஏறக்குறைய 1,200 மீட்டர் ஏற்றம். கெச்சுவா மொழியில் அப்பெயருக்கு 'இறந்த பெண்' என்று பொருள். தொலைவிலிருந்து நோக்கின் மலைமுகடு மல்லாந்து கிடக்கும் பெண்ணுருவாகத் தோன்றுவதால் வந்த பெயர். அதன் உயரம் 4,215 மீட்டர். பத்தடிக்கு ஒருமுறை நின்று ஏறினோம். சுமார் 3,800 மீட்டர் உயரத்திலுள்ள புல்வெளியை அடைந்தபோது மூத்தவர் வாந்தி எடுத்தார். எழுந்து நடந்தவரின் கால்கள் நேர்க்கோட்டில் விழவில்லை.

வழிகாட்டி அவர் விரலில் ஆக்சிஜன் அளவியைப் பொருத்திப் பார்த்தார். பின் எங்களை நோக்கி, "எப்போதிலிருந்து?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் உண்மையைச் சொன்னோம். அவர் கடிந்துகொள்ளவில்லை, அது கடிந்துகொள்வதைவிடச் சுட்டது.

"இவர் இப்போதே இறங்க வேண்டும். கணவாயைத் தாண்டிவிட்டால் அடுத்த முகாம் வேறொரு பள்ளத்தாக்கில். அங்கே நிலைமை மோசமானால், வந்த வழியே மீண்டும் இதே கணவாயை ஏற வேண்டும். அல்லது இன்னும் இரண்டு கணவாய்களைத் தாண்ட வேண்டும். முடிவெடுக்கக்கூடிய கடைசி இடம் இதுதான்" என்றார்.

மூத்தவர் ஒப்பவில்லை. "இன்னும் நானூறு மீட்டர்தானே? ஆறு வருடம் கட்டிய பணம். சீட்டை வேறு நாளுக்கு மாற்றவும் முடியாது. மெதுவாக ஏறிவிடுகிறேன்" என்றார். குரலில் கெஞ்சல் இருந்தது. அதுவரை அவரிடம் நாங்கள் கேட்டறியாத குரல்.

எங்களுள் இளையவர்தான் பேசினார். "சார், தேறாத கடனுக்கு மேலும் கடன் கொடுக்க வந்த கோப்பை நீங்கள் எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்? போட்ட பணத்தைப் பார்க்காதே, இனிப் போடப்போவதைப் பார் என்று எங்களுக்குச் சொன்னவர் நீங்கள்தானே? நானும் உங்களோடு இறங்குகிறேன்."

நீண்ட நேரம் அவர் பேசவில்லை. பிறகு தம் கைத்தடியைத் திருப்பிப் பிடித்தார். துணை வழிகாட்டி முன்னே செல்ல, இருவரும் இறங்கினர். வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். கணவாயின் உச்சியை நாங்கள் இருவராக அடைந்தபோது பனிமூட்டமும் காற்றுமாக இருந்தது. படம் எடுத்தோமே தவிர, மகிழ்ச்சி ஏதும் தோன்றவில்லை. மாலை பக்காய்மாயோ முகாமில், துணை வழிகாட்டியிடமிருந்து செய்தி வந்தது: இருவரும் வைல்யபம்பா சேர்ந்துவிட்டனர், தலைவலி குறைகிறது, மறுநாள் ஒல்லாந்தாய்தம்போ சென்று அங்கிருந்து இரயில் ஏறுவர். இறங்குவதே இந்நோய்க்கு முதல் மருந்து என்று வழிகாட்டி அப்போதுதான் விளக்கினார்.

இவ்விடத்தில் வாடிக்கையாளர்களுக்கு ஒரு சொல். பயணக் காப்பீடு எடுக்கும்போது விலையை மட்டும் பாராமல், மலையேற்றத்துக்கு எத்தனை மீட்டர்வரை பாதுகாப்பு உண்டு என்ற விதியைப் படியுங்கள். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் பொறுப்பேற்காத திட்டங்கள் பல உள்ளன. நாங்கள் முதலில் பார்த்ததும் அத்தகையதே, மாற்றிக்கொண்டோம். செலவுக்கான அந்நியச் செலாவணி, தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் நிதியாண்டுக்கு ஒருவருக்கு 2,50,000 டாலர் என்ற வரம்புக்குள் வரும். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்குப் பிடிக்கப்படும் டி.சி.எஸ். வரியை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். அதற்குரிய சான்றைப் பத்திரப்படுத்துங்கள். கோகோ இலை பெருவில் சட்டப்படி விற்கப்படுவது, இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. தேநீர்ப் பொட்டலமாகக்கூட நினைவுப் பொருள் என்று கொண்டுவந்துவிடாதீர்கள்.

மூன்றாம் நாள், நடந்தவற்றுள் அழகிய நாள். ருங்குராக்காயின் வட்டச் சுவர்கள், பாறை நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சயக்மார்கா, மேகத்துக்கு மேலுள்ள ஊர் எனப் பொருள்படும் புயுபட்டமார்கா எனப் பழைய குடியிருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காடு அடர்ந்தது, பாசியும் ஆர்க்கிட் மலர்களும் பாறைகளைப் போர்த்தியிருந்தன. ஓரிடத்தில் பாறையைக் குடைந்த சுரங்கத்துள்ளும் படிகள் இறங்குகின்றன. அதன்பின் முழங்கால்களை உலுக்கும் நெடிய இறக்கம். ஏற்றத்தைவிட அதுவே எங்களை வருத்தியது. அன்றிரவு விஞய் வைனாவில் தங்கினோம்.

நான்காம் நாள் மூன்றரை மணிக்கெல்லாம் எழுப்பிவிட்டனர். இருளில் சாவடி திறக்கும்வரை காத்திருந்து, இன்டிபுங்கு எனப்படும் சூரிய வாயிலை அடைந்தோம். மேகம் விலகியது. கீழே, உருபம்பா ஆறு வளைந்தோடும் பள்ளத்துக்கு மேலே, 2,430 மீட்டர் உயரத்தில் மச்சு பிச்சு.

பச்சகுட்டி என்ற இன்கா மன்னனின் ஓய்வு மாளிகை அது என்பது அறிஞர் பலரின் கருத்து. அங்கு கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வு, சுமார் 1420-லேயே மக்கள் அங்கு வாழ்ந்தனர் என்கிறது. சாந்தில்லாமல் இழைத்துப் பொருத்திய கற்களுக்கிடையே தாள் நுழையாது என்பார்கள். எங்களை அதைவிடக் கவர்ந்தது கண்ணுக்குத் தெரியாத வேலை: வயற்படிகளுக்கு அடியில் சரளையும் மணலும் அடுக்கி, கனமழை நீரை மண்ணரிக்காமல் வடியவிட்ட வடிகால். ஐந்து நூற்றாண்டுகளாக அந்நகரம் சரியாமல் நிற்பது அதனால்தான். 1532-இல் வந்த ஸ்பானியரின் கண்ணில் இவ்விடம் படவே இல்லை. 1911 ஜூலை 24 அன்று இங்கு வந்த யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹைரம் பிங்கம் உலகுக்கு அறிவித்தார். 'கண்டுபிடித்தவர்' என்று அவரைச் சொல்வது பொருந்தாது. அப்போதே உள்ளூர் உழவர் குடும்பங்கள் அங்குப் பயிர் செய்து வந்தன. அவர் எடுத்துச் சென்ற பொருள்கள் ஏறத்தாழ நூறாண்டு கழித்துத் திரும்பிவந்து, இன்று குஸ்கோவில் உள்ளன.

நுழைவாயிலில், முதல் பேருந்தில் வந்த இருவரும் நின்றிருந்தனர். மூத்தவர் முகத்தில் தெளிவு திரும்பியிருந்தது. எங்கள் சேறு படிந்த காலணிகளை மேலும் கீழும் பார்த்தார்.

"கணவாயில் என்ன தெரிந்தது?" என்று கேட்டார்.

"மேகம்தான், சார். வேறொன்றும் தெரியவில்லை."

"நிஜமாகவா?"

"நிஜமாகவே."

எங்கள் கைப்பேசியை வாங்கி, வெள்ளையாகக் கிடந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துச் சரிபார்த்தார். பிறகுதான் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு, நால்வருக்குமாக வரிசையில் முன்னே போய் நின்றார்.