180 டாலர், 7 மாதம், பாலைவனத்தில் குடித்தனம்! அமெரிக்காவின் 'பனிப்பறவை' தம்பதிகள்

ஜூலை மாதத்தில் குவார்ட்ஸைட் ஊருக்குப் போனால், வெயிலில் காயும் சாலையையும் பூட்டிக்கிடக்கும் கடைகளையும்தான் பார்க்க முடியும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் இந்தச் சின்ன ஊரின் மக்கள்தொகை, 2020 கணக்கெடுப்பின்படி வெறும் 2,413. அதே ஊருக்கு ஜனவரியில் போய்ப் பாருங்கள்! கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை வெள்ளையாக வண்டிகள். ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு குளியலறை. வாசலில் இரண்டு மடக்கு நாற்காலிகள். பெரும்பாலும் அதில் உட்கார்ந்திருப்பது, 60 வயதைத் தாண்டிய ஒரு தம்பதி.

இவர்களுக்கு அமெரிக்காவில் 'ஸ்னோபேர்ட்ஸ்' என்று பெயர். பனிப்பறவைகள்! மின்னசோட்டா, வடக்கு டகோட்டா, கனடாவின் ஆல்பர்ட்டா போன்ற இடங்களில் குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும். வாசலில் பனியை வாரிக்கொட்டியே முதுகு ஒடிந்துவிடும். பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கஷ்டம் எதற்கு என்று, 'ஆர்.வி' எனப்படும் வீட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு தெற்கே வந்துவிடுகிறார்கள். ஜனவரியில் குவார்ட்ஸைட்டின் பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்.

வாடகை எவ்வளவு?

ஊரை ஒட்டிய லா போஸா என்ற பாலைவன நிலம், அமெரிக்க அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தமானது. நீண்ட நாள் தங்குபவர்களுக்காக 1983-ல் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, ஏழு மாதங்களுக்கும் சேர்த்துக் கட்டணம் 180 டாலர். பல ஆண்டுகளாக இதுதான் தொகை. 14 நாள்கள் மட்டும் போதும் என்றால் 40 டாலர்.

கட்டணம் குறைவுதான். ஆனால், நிற்கும் இடத்தில் குழாய் கிடையாது, கரன்ட் கிடையாது. மின்சாரத்துக்கு வண்டியின் கூரையில் சோலார் பலகை. ஜெனரேட்டர் வைத்திருந்தால் இரவு 10 மணிக்கு அணைத்துவிட வேண்டும். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று என வண்டிக்கு அடியில் மூன்று தொட்டிகள். நிரம்பியதும் பொது இடத்துக்கு ஓட்டிப்போய்க் காலிசெய்ய வேண்டும். அதனாலேயே இங்கே குளியல் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்!

பாலைவனத்தில் பனைமரம்

காலை வெயில் ஏறியதும் நடைக்குக் கிளம்புவது பலருக்கும் வழக்கம். இவர்கள் விரும்பிப் போகும் இடங்களில் ஒன்று, ஊருக்குத் தெற்கே கோஃபா வனவிலங்குச் சரணாலயத்தில் இருக்கும் 'பாம் கேன்யன்'. மலையேறும் பாதை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவுதான். முடிவில் நிமிர்ந்து பார்த்தால், செங்குத்தான பாறைப் பிளவுக்குள் பனைமரக் கூட்டம்! நண்பகலை ஒட்டிக் கொஞ்ச நேரம்தான் அங்கே நேர் வெயில் விழும்.

வழியெங்கும் சவாரோ கள்ளிகள். கிளைவிட்டு நிற்கும் சவாரோவைப் பார்த்தால் கையைத் தூக்கி நிற்கும் மனிதர்போல இருக்கும். முதல் எட்டு ஆண்டுகளில் இந்தச் செடி ஓர் அங்குலம் அல்லது ஒன்றரை அங்குலம்தான் வளரும். முதல் கிளை வரவே 50 முதல் 70 ஆண்டுகள் ஆகும். 70 வயதுத் தாத்தாவுக்கும் அவர் எதிரில் நிற்கும் கள்ளிக்கும் ஒரே வயதாக இருக்கலாம்.

சோயா என்று இன்னொரு கள்ளி உண்டு. லேசாக உரசினாலே அதன் உருண்டை ஒடிந்து காலில் ஏறிவிடும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். அதனால் நடைக்குப் போகிறவர்கள் பையில் ஒரு சீப்பு வைத்திருப்பார்கள். சீப்பை நடுவில் கொடுத்து நெம்பினால் வந்துவிடும்.

குளிர்காலம்தானே என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. வறண்ட காற்றில் வியர்வை தெரியாமலேயே உடலின் நீர் வற்றிப்போகும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் நான்கு லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. கொண்டுபோன தண்ணீரில் பாதி தீர்வதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும். பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடையாது என்பதால், 'இந்தப் பாதையில் போகிறோம், இத்தனை மணிக்கு வருவோம்' என்று பக்கத்து வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

எல்லோருக்கும் சுற்றுலா இல்லை

இங்கே நிற்கும் எல்லா வண்டிகளுக்குப் பின்னாலும் ஒரு சொந்த வீடு பூட்டிக் கிடப்பதில்லை. 2008 பொருளாதாரச் சரிவில் வீட்டையும் சேமிப்பையும் இழந்து, வண்டியையே வீடாக்கிக்கொண்ட முதியவர்களும் பக்கத்திலேயே நிற்கிறார்கள். அவர்களைப் பற்றிய 'நோமட்லேண்ட்' படத்தின் சில காட்சிகள் எடுக்கப்பட்டது குவார்ட்ஸைட்டில்தான். 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது அந்தப் படம்.

ஒருவருக்கு முடியாமல் போனால்?

பனிப்பறவைத் தம்பதிகளின் பெரிய கவலை கள்ளியோ பாம்போ அல்ல, உடம்புதான். பெரிய மருத்துவமனைகள் இருக்கும் பீனிக்ஸ் நகரம் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 65 வயதானவர்களுக்கான அரசின் மெடிகேர் காப்பீடு நாடு முழுக்கச் செல்லும். ஆனால், தனியார் நிறுவனம் வழியாக அதை எடுத்தவர்களுக்கு, அவசர சிகிச்சை தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் சொந்த ஊர் டாக்டரிடம்தான். வழக்கமான பல் வைத்தியத்துக்கு மெடிகேரில் பணம் கிடைக்காது. அதனால் பலர் யூமா வரை ஓட்டிப்போய், எல்லையை நடந்தே கடந்து, மெக்ஸிகோவின் லாஸ் அல்கோடோனெஸ் ஊரில் குறைந்த செலவில் பல் கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பெரிய வண்டியை ஓட்டுவது, தொட்டியைக் காலிசெய்வது, கேஸ் மாற்றுவது எல்லாவற்றையும் ஒருவரே பார்த்துக்கொண்டால், அவர் படுத்துவிடும் நாளில் மற்றவர் நடுப் பாலைவனத்தில் கைபிசைந்து நிற்க வேண்டியதுதான். எனவே, எந்த வேலையாக இருந்தாலும் இருவருக்கும் தெரிந்திருப்பதே பாதுகாப்பு.

வண்டியே ஓட்ட முடியாத வயதும் வரும். டெக்ஸாஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டன் ஊரில் 'எஸ்கேப்பீஸ்' என்ற ஆர்.வி சங்கத்தின் முயற்சியில் உருவான பராமரிப்பு மையம் ஒன்று இருக்கிறது. முடியாதவர்கள் தங்கள் வண்டியை அங்கே நிறுத்திக்கொண்டு, அதிலேயே வாழலாம். சாப்பாடு, டாக்டரிடம் அழைத்துப்போக வண்டி, பகல் நேரக் கவனிப்பு எல்லாம் உண்டு. அங்கே நிற்கும் வண்டிகள் இனி பாலைவனம் போகப்போவதில்லை. ஆனால், இத்தனை வருடம் படுத்த அதே கட்டிலில், அதே ஜன்னல் ஓரத்தில் அவர்கள் தூங்கி எழலாம்.